பனிக்கட்டியின் கணக்கும் காந்தத்தின் இக்கட்டும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

தாராபுரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வெப்பம் என்றால் என்னவென்று எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சித்திரை மாதத்து நண்பகலில் அமராவதி ஆற்று மணலில் செருப்பில்லாமல் நான்கடி வைத்தவர்களுக்கு அந்தப் பாடம் வாழ்நாள் முழுவதும் போதும். குளிர்தான் நமக்குப் புதிய செய்தி. மார்கழி விடியலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ‘வெடவெட’ என்று நடுங்குகிறோமே, விஞ்ஞானியின் கண்ணுக்கு அது குளிரே அன்று. அவருடைய அளவுகோலில் அது ஏறக்குறைய 290 கெல்வின். பனிக்கட்டி உருகுவது 273 கெல்வினில். காற்றே நீராகிச் சொட்டுவது 80 கெல்வினை ஒட்டி. விண்மீன்களுக்கு இடையே உள்ள வெட்டவெளியின் குளிர் 2.7 கெல்வின். இக்கட்டுரையில் நாம் பேசப்போகும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அதற்கும் கீழே நடப்பவை. ஆகவே அன்புத் தோழியரே, மனத்தளவிலாவது ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு எங்களுடன் வாருங்கள்.

கெல்வின் அளவையின் சுழிக்குத் தனிச்சுழி என்று பெயர். அதற்குக் கீழே வெப்பநிலை இல்லை. நமது சென்டிகிரேடு அளவில் அது 273.15 பாகை சுழிக்குக் கீழே. ஒரு பொருளைக் குளிரக் குளிர அதன் அணுக்களின் ஆட்டம் அடங்கிக்கொண்டே வரும் என்பது நாம் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்ததுதான். மேல் வகுப்பு அக்காமார்களின் வேதியியல் நூலைப் புரட்டினால் இன்னொரு செய்தி கிடைக்கிறது. ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1906ஆம் ஆண்டில் வகுத்த வழியில் வந்த விதி அது: குறையற்ற ஒரு படிகம் தனிச்சுழியை எட்டும்போது அதன் ஒழுங்கின்மை சுழியாகிவிடும். ஒழுங்கின்மையை அளக்கும் அளவுக்கு ‘என்ட்ரோபி’ என்று பெயர். ஓர் அமைப்பிலுள்ள அணுக்கள் எத்தனை வகையாக நிற்கலாமோ, அந்த எண்ணிக்கையின் மடக்கையே என்ட்ரோபி. ஒரே ஒரு வகையாகத்தான் நிற்க முடியும் என்றால் ஒன்றின் மடக்கை சுழி, என்ட்ரோபியும் சுழி. குளிர் ஏற ஏற எல்லாம் வரிசைக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது விதி.

அப்படியானால் எவ்வளவு குளிர்வித்தாலும் வரிசைக்கு வர மறுக்கும் பொருள் ஒன்று இருந்தால்? இருக்கிறது. ஒன்று, நாம் கோடையில் நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடிக்கும் சாதாரண ஐஸ். மற்றொன்று, ‘டிஸ்ப்ரோசியம் டைட்டனேட்’ என்னும் வாயில் நுழையாத பெயருடைய படிகம். இந்த இரண்டும் ஒரே கணக்குக்கு விடையாக வந்து நின்ற கதை 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த இருவருக்குப் பங்கு உண்டு. ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் முதுகலை பயின்ற ஸ்ரீராம் சாஸ்திரி. மற்றவர் அவரிடம் ஆய்வு மாணவராக இருந்து, பின்னாளில் சென்னைக் கணித விஞ்ஞான நிறுவனத்துக்குப் பணிக்கு வந்த ராகுல் சித்தார்த்தன்.

காந்தத்தைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. சில அணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்த ஊசி போன்றவை. அதை ஓர் அம்பாக வரைந்துகொள்வது வழக்கம். அம்பின் முனை வடதுருவம். இரும்புத் துண்டில் அண்டையிலுள்ள அம்புகள் ஒன்றையொன்று பார்த்து ஒரே திசையில் நிற்க விரும்புகின்றன. வேறு சில பொருள்களில் அண்டை அம்புகள் எதிரெதிர்த் திசையில் நிற்க விரும்புகின்றன. சதுரக் கட்டங்களின் மூலைகளில் அணுக்கள் அமைந்திருந்தால் இந்த இரண்டாம் வகைக்கும் தொல்லையில்லை. மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறி நின்றுகொள்ளும்.

முக்கோணத்தில்தான் வந்தது வினை. மூன்று மூலையில் மூன்று அம்புகள். ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் எதிராக நிற்க வேண்டும். முதலாவது மேல் நோக்கியது, இரண்டாவது கீழ் நோக்கியது, மூன்றாவது என்ன செய்யும்? மேலே பார்த்தால் முதலாவதோடு பகை, கீழே பார்த்தால் இரண்டாவதோடு பகை. இருதலைக் கொள்ளி எறும்பு என்கிறோமே, அதுவேதான். வகுப்பில் இதை மூன்று தோழியரை நிறுத்திச் செய்து பார்த்தோம். மூவருக்குள்ளும் பேச்சு வார்த்தை இல்லை என்றும், இருப்பதோ இரண்டே பெஞ்சு என்றும் வைத்துக்கொண்டோம். எப்படி உட்கார வைத்தாலும் ஒரு பெஞ்சில் சண்டைக்காரிகள் இருவர் சேர்ந்துதான் உட்கார வேண்டியிருந்தது. மூன்று அம்புகளும் நிற்கக்கூடிய வகைகள் மொத்தம் எட்டு. அவற்றுள் மூன்றும் ஒரே திசையில் நிற்கும் இரண்டு மட்டும் மிக மோசமானவை. மீதி ஆறும் ஒரே அளவு மோசமானவை! எதைத் தேர்ந்தெடுப்பது என்று இயற்கைக்கே தெரியவில்லை. 1950இல் வான்னியர் என்பவர் முக்கோணங்களாலேயே ஆன ஒரு பெரிய வலையைக் கணக்கிட்டு, தனிச்சுழியிலும் அதற்கு ஒழுங்கின்மை மிச்சமிருக்கும் என்று காட்டினார்.

இந்த நிலைக்கு 1977இல் துலூஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ஆங்கிலத்தில் ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்று பெயர் வைத்தார். ‘ஏமாற்றம்’ என்றும் ‘விரக்தி’ என்றும் அகராதி பொருள் தருகிறது. அம்புக்கு விரக்தி என்றால் சிரிப்பு வருகிறது. எனவே நாங்கள் ‘இக்கட்டு’ என்றே எழுதப் போகிறோம்.

இனி ஐஸுக்கு வருவோம். ஒரு நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு ஹைட்ரஜனும் உண்டு. ஐஸில் ஒவ்வொரு ஆக்சிஜனைச் சுற்றியும் நான்கு ஹைட்ரஜன்கள் நான்முகியின் நான்கு முனைத் திசைகளில் நிற்கின்றன. இவற்றுள் இரண்டு ‘சொந்தப் பிள்ளைகள்’; அவை கிட்டே நிற்கும். மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அவை சற்றுத் தள்ளி நிற்கும். இரண்டு கிட்டே, இரண்டு எட்டே: இதுதான் ஐஸின் விதி. ஆனால் எந்த இரண்டு கிட்டே என்று விதி சொல்லவில்லை! 1935இல் லைனஸ் பாலிங் இந்த விட்டுப்போன உரிமையைக் கணக்கிட்டார். ஒரு மோல் ஐஸில் 3.37 ஜூல் வீதம் கெல்வினுக்கு என்ட்ரோபி மிச்சமிருக்க வேண்டும் என்றது கணக்கு. அடுத்த ஆண்டிலேயே ஜியோக், ஸ்டவுட் என்ற இருவர் அளந்து பார்த்தார்கள். கிடைத்தது 3.43. சோதனைக்கூட அளவைக்கும் காகிதக் கணக்குக்கும் இவ்வளவு நெருக்கம் என்றால் நம் செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் தந்துவிடுவார்கள்.

டிஸ்ப்ரோசியம் டைட்டனேட் படிகத்தில் டிஸ்ப்ரோசியம் அணுக்கள் நான்முகிகளின் முனைகளில் அமர்ந்திருக்கின்றன. நான்முகி என்பது நான்கு முக்கோண முகங்களையுடைய கூம்பு. ஒவ்வொரு அணுவும் இரண்டு நான்முகிகளுக்குப் பொதுவான முனையாக இருக்கிறது. அதன் அம்பு இஷ்டம் போலத் திரும்ப முடியாது. சுற்றியுள்ள அணுக்கள் அதை நெருக்கிப் பிடித்து, ‘நான்முகியின் நடுவை நோக்கி நில், அல்லது நடுவுக்கு முதுகைக் காட்டி நில்’ என்று இரண்டே வழியை விட்டுவைக்கின்றன.

படிகம் தன்னுள் இருக்கும் காந்த அணுவுக்குத் திசையை ஆணையிடும் என்ற இந்தச் செய்தியைச் சொல்லும்போது நம் தமிழ்நாட்டவர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், சர் சி. வி. ராமனுடன் கல்கத்தாவில் பணியாற்றியவர் என்பதைப் பாடநூலில் படிக்கிறோம். அதன் பின் 1928இல் டாக்காப் பல்கலைக்கழகம் சென்று அவர் செய்த பணியைப் பாடநூல் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. சிறு படிகம் ஒன்றை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எந்தப் பக்கம் திரும்புகிறது, எவ்வளவு முறுக்கினால் பிடி நழுவிச் சுழல்கிறது என்று பார்ப்பது அவர் முறை. அந்த எளிய ஏற்பாட்டைக் கொண்டு படிகத்தின் எந்தத் திசையில் காந்த குணம் மிகுதி என்பதை மிக நுட்பமாக அளந்தார். பிறகு 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1950களின் தொடக்கத்தில் நம் நாட்டில் திரவ ஹீலியம் கிடைத்ததும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான். கருவியின் விலையைக் காட்டிலும் கையின் பொறுமை பெரிது என்று அவருடைய டாக்காக் காலம் எங்களுக்குத் தோன்றச் செய்கிறது.

இப்போது கணக்கு. பெற்றோர்கள் விரும்பினால் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். தோழியர் தாண்டக் கூடாது. களிமண் உருண்டைகள் நான்கும் ஈர்க்குச்சிகள் ஆறும் கொண்டு ஒரு நான்முகி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு தீக்குச்சியைச் செருகுங்கள். மருந்துள்ள தலை உள்நோக்கினால் ‘உள்’, வெளிநோக்கினால் ‘வெளி’. நான்கு குச்சிகளுக்கும் இரண்டிரண்டு வழி, ஆக மொத்தம் 16 வகை. நான்கும் உள் என்பது 1, நான்கும் வெளி என்பது 1. மூன்று உள் ஒன்று வெளி 4, மூன்று வெளி ஒன்று உள் 4. மீதமுள்ள 6 வகைகளில் இரண்டு உள், இரண்டு வெளி. டிஸ்ப்ரோசியத்தின் அம்புகளுக்கு மிகப் பிடித்தமானவை இந்த ஆறும்தான். ஐஸின் விதியைப் பாருங்கள்: இரண்டு கிட்டே, இரண்டு எட்டே! இரண்டும் ஒன்றே. அதனால்தான் இப்படிகத்துக்குத் ‘தற்சுழற்சி ஐஸ்’ என்று பெயர். ஹோல்மியம் என்ற உடன்பிறப்புத் தனிமத்தின் டைட்டனேட்டைக் கொண்டு 1997இல் பிராம்வெல், ஹாரிஸ் முதலியோர் இப்பெயரை முதலில் சூட்டினார்கள்.

அம்புகளின் எண்ணிக்கை ‘ந’ என்க. கட்டுப்பாடே இல்லாவிட்டால் அவை நிற்கும் வகைகள் 2இன் ‘ந’ அடுக்கு. ஒவ்வொரு அம்பும் இரண்டு நான்முகிக்குப் பொது. ஒரு நான்முகிக்கு நான்கு அம்பு. ஆகவே நான்முகிகளின் எண்ணிக்கை ‘ந’வில் பாதி. ஒவ்வொரு நான்முகியும் 16இல் 6 வகைகளை மட்டுமே அனுமதிக்கிறது. எனவே 6/16 என்பதை நான்முகிக்கு ஒரு முறை வீதம் பெருக்க வேண்டும். ஒரு நான்முகிக்கு இரண்டு அம்பு என்பதால் 2 × 2 × 6/16 = 3/2. அவ்வளவுதான்! ஒரு நான்முகிக்கு ஒன்றரை வழி மிச்சம். ஒன்றாக இருந்தால் ஒழுங்கு. ஒன்றரையாக இருப்பதால் ஒழுங்கின்மை. இதன் இயல் மடக்கை 0.405. அதை வாயு மாறிலி 8.314ஆல் பெருக்கினால் 3.37. ஐஸுக்குப் பாலிங் கண்ட அதே எண். ஓர் அம்புக்குப் பாதியாக்கினால் 1.69. கரும்பலகையில் இந்த 3.37 வந்து நின்றபோது எங்கள் வகுப்பில் சிலர் கை தட்டினார்கள். கணக்கு வகுப்பில் அது அடிக்கடி நடப்பதன்று.

இந்த 1.69 உண்மையிலேயே படிகத்துக்குள் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அம்புகளை எண்ண முடியாது. இங்கேதான் வெப்பத்தின் உதவி தேவைப்படுகிறது. வீட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் அடி இருட்டு, எட்டிப் பார்த்தால் தெரியாது. ஆனால் தொட்டி நிறைய எத்தனை குடம் பிடிக்கும் என்பது தெரியும். நாம் குடம் குடமாக எண்ணி ஊற்றுகிறோம். எதிர்பார்த்த அளவு ஊற்றுவதற்கு முன்பே தொட்டி நிரம்பி வழிந்தால், ஏற்கனவே அடியில் தண்ணீர் இருந்தது என்றுதானே பொருள்?

படிகத்தை மிகவும் குளிர்வித்து, அளந்த சிறு வெப்பத்தைக் கொடுக்கிறார்கள். வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். கொடுத்த வெப்பத்தை அப்போதைய வெப்பநிலையால் வகுத்தால் அந்தக் குடத்தின் என்ட்ரோபி. இப்படியே கூட்டிக்கொண்டு மேலேறினால் எல்லா அம்புகளும் தாறுமாறாக ஆடும் நிலை வரும். அங்கே தொட்டி நிறைந்தது. நிறைந்த தொட்டியின் அளவு, அம்புக்கு இரண்டு வழி என்பதால், 8.314 × 0.693 = 5.76. (படிகத்தின் அணுக்கள் அதிர்வதற்காகக் குடிக்கும் வெப்பத்தைத் தனியே கழித்துவிட வேண்டும். அது எடை போடும்போது தட்டின் எடையைக் கழிப்பது போன்றது.)

ராமிரெஸ், ஹயாஷி, காவா ஆகிய அமெரிக்க ஆய்வாளர்களும் நம் சித்தார்த்தனும் சாஸ்திரியும் சேர்ந்து 1999ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதுவே. ஏறக்குறைய 0.2 கெல்வின் தொடங்கி 12 கெல்வின் வரை கூட்டியதில் கிடைத்தது 3.9 மட்டும். தொட்டி 5.76 பிடிக்கும், ஊற்றியது 3.9, அடியில் முன்பே இருந்தது ஏறக்குறைய 1.9. பாலிங் வழிக் கணக்கு 1.69 என்றது. ஐஸில் ஹைட்ரஜன் செய்வதையே இங்கே காந்த அம்பு செய்கிறது என்பது உறுதியாயிற்று.

ஐஸைவிட இப்படிகம் ஒரு விதத்தில் மேலானது. ஐஸின் ஹைட்ரஜன்களை நாம் வெளியிலிருந்து பிடித்துத் திருப்ப முடியாது. காந்த அம்புகளையோ ஒரு காந்தத்தைக் காட்டித் திருப்பலாம்! அவர்களும் அதைச் செய்தார்கள். அரை டெஸ்லா அளவு புலத்தில் படிகத்தை வைத்து மீண்டும் குடங்களை எண்ணினார்கள். அரை டெஸ்லா என்பது நம் காலடியில் உள்ள பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். கோயம்புத்தூர் மருத்துவமனைகளில் உடலைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியின் 1.5 டெஸ்லாவில் மூன்றில் ஒரு பங்கு. புலம் வந்ததும் ஆறு வகைகளும் சமம் என்ற நிலை போய்விடுகிறது. புலத்தின் பக்கம் சாய்ந்தவற்றுக்கே மதிப்பு. தொட்டியின் அடியில் கிடந்த தண்ணீரில் பெரும்பகுதி வெளியேறிவிட்டதால் இம்முறை கூடுதலான குடங்கள் ஊற்ற வேண்டியிருந்தது. காணாமற்போன என்ட்ரோபியில் பெரும்பங்கு கணக்கில் திரும்பி வந்தது.

காலை அசெம்பிளியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மணி அடித்த பிறகும் மைதானத்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருப்போம். தலைமைச் சகோதரி மேடைக்கு வந்து ஒரு பார்வை பார்த்தால் போதும், எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பிவிடும். அந்தப் பார்வையே காந்தப்புலம். (சகோதரி அவர்கள் இதைப் படிக்கும்போது புன்னகைப்பார்கள் என்று நம்புகிறோம்.)

புலம் எத்திசையில் வருகிறது என்பதும் முக்கியம். கிருஷ்ணனின் படிகம் இழையில் தொங்கித் திரும்பியது போல இதுவும் திசையறிந்து நடக்கிறது. கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தின் வழியே புலத்தைச் செலுத்தினால், ஒவ்வொரு நான்முகியிலும் உச்சியிலுள்ள ஓர் அம்பு மட்டும் புலத்துக்கு முழுதும் கட்டுப்பட்டுவிடுகிறது. கீழேயுள்ள மூன்றுக்கும் இன்னும் சிறிது சுதந்திரம் மிச்சம். அந்த மூன்றும் சேர்ந்து அமையும் தளத்தின் வடிவத்தைக் காண ஆய்வுக்கூடம் போக வேண்டாம், சந்தைக்குப் போனால் போதும். மூங்கில் பத்தையால் அறுகோண ஓட்டைகள் வரும்படி பின்னிய கூடையைப் பார்த்திருப்பீர்கள். அறுகோணத்தைச் சுற்றிச் சிறு சிறு முக்கோணங்கள் இருக்கும். ஜப்பானியர் தங்கள் மூங்கில் கூடையின் பெயராலேயே இதைக் ‘ககோமே’ என்று அழைக்கிறார்கள். 1951 முதல் இயற்பியலிலும் அதுவே பெயர். இந்தக் கூடைத் தளத்தில் மிஞ்சும் என்ட்ரோபி அம்புக்கு 0.67 என்பது கணக்கு. 1.69இல் பாதிக்கும் குறைவு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002 முதல் இதை அளந்து வந்தார்கள். புலத்தை மேலும் கூட்டி ஒரு டெஸ்லாவை நெருங்கினால் கூடையின் சுதந்திரமும் பறிபோகிறது. அந்த மாற்றம், நீராவி சட்டென்று நீராவதைப் போன்று, 0.36 கெல்வினுக்குக் கீழே ஒரே தாவலில் நடப்பதை 2003இல் கண்டார்கள்.

ஓர் அம்பு மட்டும் விதியை மீறித் திரும்பினால் பக்கத்துப் பக்கத்து நான்முகிகளில் ஒன்று மூன்று-உள்ளாகவும் மற்றொன்று மூன்று-வெளியாகவும் ஆகும். அவை இரண்டும் பிரிந்து படிகத்துக்குள் அலைவதைத் தனி வடதுருவம், தனித் தென்துருவம் போலக் கருதலாம் என்று 2008இல் காஸ்டெல்நோவோ, மோஸ்னர், சோந்தி மூவரும் காட்டினார்கள். காந்தத்தை எத்தனை முறை உடைத்தாலும் இரு துருவமும் இருக்கும் என்ற நம் பாடம் இதனால் பொய்த்துவிடவில்லை. அலைவது துகளன்று, அம்புகளின் அமைப்பில் உண்டான குறை மட்டுமே. இதை இத்துடன் விடுவோம்.

‘இதனால் என்ன பயன்?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயமே. விடை நம் வீட்டு மண்பானையில் இருக்கிறது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளே உள்ள நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, பானை குளிர்கிறது. காந்த அம்புகளைக் கொண்டும் இதையே செய்யலாம். முதலில் புலத்தைச் செலுத்தி அம்புகளை வரிசையாக நிறுத்த வேண்டும். அப்போது வெளிவரும் வெப்பத்தைத் திரவ ஹீலியத்திடம் விட்டுவிட வேண்டும். பிறகு வெப்பம் உள்ளே வரமுடியாதபடி தனிமைப்படுத்திப் புலத்தை மெல்லக் குறைத்தால், அம்புகள் மீண்டும் தாறுமாறாகக் கலைகின்றன. கலைவதற்கு வேண்டியதைப் படிகத்தின் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. படிகம் குளிர்கிறது. 1926இல் டிபையும், ஐஸை அளந்த அதே ஜியோக்கும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். 1933இல் ஜியோக்கும் மெக்டூகலும் கடோலினியம் உப்பைக் கொண்டு கால் கெல்வினை எட்டினார்கள். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் பொருள்களின் குணத்தை ஆராய்ந்ததற்காக ஜியோக்குக்கு 1949இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்முறைக்குச் சாதாரணக் காந்தப் பொருள் உதவாது. ஏனென்றால் குளிரும்போதே அம்புகள் தாமாக வரிசையில் நின்றுவிடும். கலைவதற்கு ஒன்றும் மிச்சமிராது. இக்கட்டில் சிக்கிய அம்புகளோ எவ்வளவு குளிரிலும் வரிசைக்கு வராமல் திண்டாடுகின்றன. அவற்றின் திண்டாட்டமே குளிரூட்டிக்கு மூலதனம்! பழைய முறையில் பயன்பட்ட உப்புகளில் அம்புகளைத் தள்ளித் தள்ளி வைப்பதற்காக நீர் மூலக்கூறுகள் நிறைய இருந்தன; வெற்றிடத்தில் சூடேறினால் நீர் போய் உப்பு கெட்டுவிடும். 2021இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் டொகிவா முதலியோர், பொட்டாசியம், பேரியம், இட்டர்பியம் மூன்றும் கலந்த, நீரில்லாத ஒரு போரேட்டைக் கொண்டு 0.022 கெல்வினை எட்டினார்கள். அதில் இட்டர்பியம் அம்புகள் அமர்ந்திருப்பது முக்கோண வலையில்.

இன்று இவ்வளவு தாழ்ந்த குளிருக்குப் பெரும்பாலும் ஹீலியம்-3 என்ற அரிய வாயுவையே நம்புகிறார்கள். ஹீலியத்தின் மஞ்சள் கோடு சூரிய கிரகணத்தில் காணப்பட்டது 1868 ஆகஸ்ட் 18 அன்று, நம் பக்கத்துக் குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ஜான்சென் பார்த்தபோது. அப்படியிருந்தும் நம் நாடு தனக்கு வேண்டிய ஹீலியத்துக்குப் பெரும்பாலும் வெளிநாட்டையே எதிர்பார்க்கிறது. சாதாரண ஹீலியமே இப்படி என்றால் ஹீலியம்-3 பற்றிச் சொல்ல வேண்டாம். அது பெரும்பாலும் டிரிட்டியம் சிதைவதிலிருந்து சிறுகச் சிறுகக் கிடைப்பது. ஹீலியம்-3 வாங்க வசதியில்லாத ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் மேசையிலும் தனிச்சுழிக்கு அருகில் செல்லும் வழியை இத்தகைய படிகங்கள் திறந்துவிடக்கூடும். இக்கட்டுரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட உழைப்பில் பாதி இந்த ஒரு நம்பிக்கையினால்தான்.

முதலில் எழுப்பிய கேள்வி இன்னும் நிற்கிறது. தனிச்சுழியில் ஒழுங்கின்மை சுழியாக வேண்டும் என்ற விதி தோற்றதா? இதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் விடை சுவையானது. விதி தோற்கவில்லை; அம்புகளுக்கு நேரம் போதவில்லை. ஆறு வகைகளும் சமம் என்றோமே, தொலைவிலுள்ள அம்புகளின் சிறு இழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவை முற்றிலும் சமமல்ல. ஏறக்குறைய 0.15 கெல்வினில் படிகம் ஒரே ஒழுங்குக்கு வந்துவிட வேண்டும் என்கிறது கொள்கை. ஆனால் அவ்வளவு குளிரில் ஓர் அம்பு திரும்புவது அத்தனை அபூர்வம். வழி தெரிந்தும் நடக்க முடியாத நிலை.

2013இல் கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொமரான்ஸ்கி முதலியோர், மற்றவர்கள் அவசரப்பட்டு அளந்துவிட்டார்கள் என்றனர். படிகம் தன் வெப்பநிலைக்கு முழுதும் இணங்கும் வரை நெடுநேரம் காத்திருந்து அளந்தால், அரைக் கெல்வினுக்குக் கீழே வெப்பக் கொள்ளளவு ஏறத் தொடங்குகிறது, பாலிங்கின் மிச்சம் மறைகிறது என்பது அவர்கள் முடிவு. அது உண்மையானால் கரும்பலகையில் நாங்கள் கண்ட 3.37 வெறும் அவசரத்தின் பலன்! 2018இல் கிப்லின் முதலிய வேறொரு குழுவினர் ஐசோடோப்புகளைத் தேர்ந்து வளர்த்த பல படிகங்களை எடுத்துக்கொண்டு இதை மீண்டும் சோதித்தார்கள். 0.5 கெல்வினில் ஒரு லட்சம் வினாடி வரை நீண்ட அளவில் வெப்பத்தை அளந்தார்கள். 0.35 கெல்வினில் நியூட்ரான் கற்றையைக் கொண்டு பத்து லட்சம் வினாடி அளவிலும் பார்த்தார்கள். பத்து லட்சம் வினாடி என்பதை 86,400ஆல் வகுத்துப் பாருங்கள்: பதினோரு நாளுக்கும் மேல். பாலிங்கின் மிச்சம் குறைந்ததற்கான அடையாளம் அவர்களுக்கு அகப்படவில்லை. அம்புகள் அப்போதும் இரண்டு உள், இரண்டு வெளி என்றே, ஆறில் எது என்று முடிவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தன.